மூன்று கார்பனும் ஒரு பி.ஏ.வும்

அடுத்தவர் வாங்கிய பட்டத்தை மூன்று கார்பன் தாள் வைத்து நாலாக்கிக் கொடுப்பது எங்கள் தொழில்.

ஜெராக்ஸ் வராத காலம். வேலைக்கு மனுப் போடுகிறவர் அசல் சான்றிதழை அனுப்ப மாட்டார். அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து டைப் அடித்து, கெசட்டட் ஆபீசர் ஒருவரிடம் பச்சை மையில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்புவார். அதற்கு ட்ரூ காப்பி என்று பெயர். நீங்களும் எழுபதுகளில் பட்டம் வாங்கியவர் என்றால் இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் செருப்புக்கே தெரியும்.

தென்காசியில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் சங்கரபாண்டி அண்ணாச்சியின் டைப்பிங் கடை. அண்ணாச்சி எட்டாவது படித்தவர், முதலாளி. நான் பி.ஏ. வரலாறு, டைப்பிஸ்ட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கார்டு வரும் வரை சும்மா இருப்பானேன் என்று வந்து உட்கார்ந்தவன். எனக்கு ஒரு கெடு இருந்தது. சுரண்டையில் வெங்காய மண்டி வைத்திருந்த என் மாமா, மகள் செண்பகம் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அரசாங்க வேலை வந்த பிறகு என்றும் சொல்லியிருந்தார். அரசாங்க வேலைக்கு வயது வரம்பு உண்டு. மாமாவின் பொறுமைக்கும் உண்டு.

பச்சை மை

எங்கள் வட்டாரத்தில் கையெழுத்துக்கு முகம் சுளிக்காத கெசட்டட் ஆபீசர் ஒருவர்தான். கால்நடை டாக்டர். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் அவரைக் குற்றாலத்தில்தான் பிடிக்க வேண்டும். ஓர் ஆடி மாதம், அன்றைக்கே தபாலில் சேர வேண்டிய கட்டோடு சைக்கிளில் பின்னாலேயே போனேன். மெயின் அருவிக்கு இந்தப் பக்கம் எண்ணெய் தேய்க்கிற பலகையில் குப்புறப் படுத்திருந்தார். ஒருவர் அவர் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பேனாவும் முத்திரையும் டாக்டரின் துண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தன. நான் வருவேன் என்று தெரிந்தே கொண்டு வந்திருக்க வேண்டும்.

படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு பட்டத்தின் மூலையிலும் பெருவிரல் அளவுக்கு நல்லெண்ணெய் ஊறியது. "அசலப் பாக்கிறீங்களா சார்?" என்று நீட்டினேன். அவர் அருவியைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு நாலு மாடு வருது, நாப்பது பட்டதாரி வாறான். நான் யாருக்கு வே டாக்டர்?" என்றார்.

எழுத்துக்கு எழுத்து

ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டங்களில் ஒரே வாசகம்தான் இருக்கும். பெயர், பாடம், வகுப்பு, ஆண்டு மட்டும் மாறும். நாலைந்து வருஷம் அடித்துவிட்டால் விரல்கள் நம்மைக் கேட்பதில்லை. செங்கோட்டைப் பரமசிவன் என் கல்லூரியில் எனக்கு ஒரு வருஷம் இளையவர், அதே வரலாறு. அவருடைய பட்டத்தை அடிக்கும்போது, பெயர் வர வேண்டிய இடத்தில் என் விரல்கள் 'ஆர். கோமதிநாயகம்' என்று என் பெயரை அடித்துவிட்டன. மூன்று கார்பனிலும் நானே இறங்கியிருந்தேன். நான் கவனிக்கவில்லை, பரமசிவன் கவனிக்கவில்லை, டாக்டரும் கவனிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு பரமசிவன் மதுரையில் ஒரு மில் ஆபீஸ் இண்டர்வியூவுக்குப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அல்வாவோடு வந்தார். வேலை கிடைத்துவிட்டது. மிச்சமிருந்த நகலை வீட்டில் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. கையில் எடுத்த அல்வாவைத் திரும்ப வைத்துவிட்டேன். "அங்கன ஒருத்தரும் வாசிக்கல அண்ணே. பச்சை மை இருக்கான்னுதான் பாத்தாவ," என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். சரியான நகல் ஒன்று அடித்துக் கொடுத்து, போய் மாற்றிவிடச் சொன்னேன். அவர் போன பிறகு அண்ணாச்சி அல்வாவைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "உம்ம பேருக்கு வேலை கிடைச்சாச்சு வே. இனி உமக்குத்தான் கிடைக்கணும்."

சிபாரிசு

ஆளுங்கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் திங்கட்கிழமைதோறும் கடைக்கு வந்து சிபாரிசுக் கடிதம் சொல்லுவார். ஒரே கடிதம்தான். 'இவர் நமது கட்சியின் மீது தணியாத பற்றுக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்று தொடங்கும். ஆளுக்கு ஆள் பெயரை மாற்றிக்கொள்வேன். ஒரு திங்கட்கிழமை வெட்கத்தை விட்டு, கட்டின் அடியில் என் பெயருக்கும் ஒன்று அடித்து வைத்தேன். என் அப்பாவுக்கு இருந்த ஒரே பற்று வெற்றிலை மீதுதான். செயலாளர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் தபால்பெட்டிக்குப் போகிற வழியில், டீக்கடை ரேடியோவில் மந்திரிசபையைக் கலைத்துவிட்டதாகச் செய்தி சொன்னார்கள். கடிதத்தோடு திரும்பி நடந்தேன். செயலாளர் எதிரே வந்தார், தோளில் துண்டு இல்லை. அவர் முகத்தைப் பார்த்து நான்தான் துக்கம் கேட்க வேண்டியிருந்தது. "ஒண்ணும் வெசனப்படாதீரும். மொத்தமா ஐம்பது அடிச்சு வையும். தேதி போட வேண்டாம், கட்சி பேரும் இப்பம் போட வேண்டாம்," என்றார்.

சும்மா இருந்தாலும்

கடையநல்லூர் மைதீன் பாய் முதலில் வந்தது வெளிநாட்டு வேலைக்குப் பாரம் நிரப்ப. 'கல்வித் தகுதி' என்ற இடத்தில் அஞ்சாவது என்று போடச் சொன்னார், கொஞ்சம் தயங்கி. இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது கையில் எண்கள் ஓடும் கடிகாரம், தோளில் டேப்ரிக்கார்டர். தறியில் உட்கார்ந்து வளைந்திருந்த முதுகுகூட நிமிர்ந்திருந்தது. மூத்த மகனைக் கல்லூரியில் பி.ஏ. சேர்க்க மனு அடிக்க வேண்டும் என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "பாய், என்னயப் பாத்துமா?" என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அதுக்கென்ன சார். நான் போயி உழைச்சாச்சி. இனி எங்க வீட்டுல ஒருத்தன் சும்மா உக்காந்திருந்தாலும் பட்டம் வாங்கிட்டு உக்காந்திருக்கட்டும்."

புது மெஷின்

எண்பதுகளில் அண்ணாச்சி மெட்ராசிலிருந்து லாரியில் ஒரு ஜெராக்ஸ் மெஷினை இறக்கினார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மூடியைத் திறந்து கண்ணாடியின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். கரண்ட் இல்லாததால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் எடுத்த நகல் எல்லாவற்றிலும் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. துடைக்கப் போனேன். அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வைத்த பொட்டை அடுத்த வெள்ளி வரைக்கும் அழிக்கக் கூடாதாம். அந்த வாரம் எங்கள் ஊரிலிருந்து போன பட்டதாரிகள் அத்தனை பேரும் பொட்டு வைத்துக்கொண்டுதான் போனார்கள்.

அந்த வாரத்தில்தான், வயது வரம்புக்கு நாலு மாதம் இருக்கையில், எனக்கு இண்டர்வியூ கார்டு வந்தது. டைப் அடித்த நகல் வேண்டாம், ஜெராக்ஸ்தான் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. திருநெல்வேலியில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி நகலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். 'இரண்டாம் வகுப்பு' என்பதன் மேல் வட்டம் உட்கார்ந்திருந்தது. "இது என்ன?" என்றார். "சந்தனம் சார்," என்றேன். பானிப்பட்டு யுத்தங்களைப் பற்றிக் கேட்பார் என்று முதல் நாள் முழுக்கப் படித்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நகலை மெதுவாக வைத்துவிட்டுச் சொன்னார்: "இருக்கது நாலு இடம். வந்திருக்கது நானூறு பேரு. அதுல உங்க காப்பிதான் மங்களகரமா இருக்கு."

டிரங்க் கால்

மூன்று மாதம் ஆகியும் முடிவு வரவில்லை. செண்பகமோ, எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்ணை வைத்தே டெலிபோன் ஆபரேட்டர் ஆகி, தென்காசிக்கே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாமாவுக்கு இப்போது வேறு கவலை. அரசாங்க உத்தியோகம் பார்க்கிற பெண்ணுக்கு அரசாங்க மாப்பிள்ளைதானே வேண்டும்? வேறு இடத்தில் ஜாதகம் கேட்டுவிட்டதாக மண்டியிலிருந்து செய்தி வந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கு, முடிவு என்ன என்று விசாரிக்க மெட்ராசிலிருந்த ஒரு சிநேகிதனுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரிடம் சொல்லி டிரங்க் கால் புக் செய்துவிட்டு, கடை டெலிபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு மணி அடித்தது. மெட்ராஸ் இல்லை, செண்பகம். "அத்தான், லைன் கிடைக்கல. கிடைச்சாலும் அந்த மெட்ராஸ் அண்ணன் என்ன சொல்லப்போறாவன்னு உங்களுக்குத் தெரியாதா?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்தில் மற்ற ஆபரேட்டர்கள் ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது கேட்டது. "ஜாதகத்தத் திருப்பிக் குடுத்திருங்கன்னு அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு அரசாங்க உத்தியோகம் போதும்னேன். ராத்திரி சாப்பிடாம இருந்தாவ, காலையில சாப்பிட்டுட்டாவ. நாளைக்கு உங்க கடைக்கு வருவாவ." நான் டெலிபோனை இறுக்கிப் பிடித்திருந்தேன். மறுபடி உத்தியோகக் குரலுக்கு வந்து அவள் கேட்டாள்: "மெட்ராஸ் வேணுமா, கேன்சல் பண்ணிரட்டுமா?"

பேருக்குப் பின்னால்

மாமா சொன்னபடி வந்தார். என்னோடு பேசாமல் அண்ணாச்சியோடு மழையைப் பற்றிப் பேசினார். பிறகு பையிலிருந்து கல்யாணப் பத்திரிகைக்கான வாசகத்தை எடுத்து, அச்சாபீசுக்குக் கொடுக்கத் தமிழ் மெஷினில் சுத்தமாக அடித்துத் தரச் சொன்னார். செண்பகத்தின் பெயருக்குக் கீழே 'டெலிபோன் ஆபரேட்டர்' என்று அவரே எழுதியிருந்தார். என் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. மாமா அந்த வெற்றிடத்தையே பார்த்தார். டைப்பிஸ்ட் என்று போடலாமே என்றார் அண்ணாச்சி. மாமா காதில் வாங்கவில்லை.

"பேருக்குப் பின்னால பி.ஏ. போடுலே," என்றார் என்னைப் பார்த்து, முதல் முறையாக. போட்டேன். தாளை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்லாத்தான் இருக்கு. அதோட ஒரு எம்.ஏ.வும் சேத்தா என்ன?" என்றார். "நான் எம்.ஏ. படிக்கலயே மாமா," என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடிக்கது நீதானலே. எவன் வந்து அசலக் கேக்கப்போறான்?"

நான் பி.ஏ.வோடு நிறுத்திக்கொண்டேன். என் பட்டத்தை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தவர்கள் என்று பார்த்தால் அந்தப் பத்திரிகை போன முந்நூறு வீட்டுக்காரர்கள்தான், அரசாங்கத்துக்கு மட்டும் ஒரு பத்திரிகை வைக்க விட்டுப்போயிற்று.