‘தொடரும்’ என்று போட்டிருந்த பக்கம்

டிசம்பர் பிறந்ததும் யாராவது ஒருவர் தொலைபேசியில் கேட்டுவிடுகிறார்: இந்த ஆண்டு என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள்? வருமான வரிக்காரர்கள்கூட இவ்வளவு உரிமையோடு கணக்குக் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால் மானம் போகும். படிக்க எடுத்த புத்தகங்களில் பாதி, நெஞ்சின் மேல் கவிழ்ந்தபடி என்னோடு சேர்ந்து தூங்கின. எழுத்தும் அப்படித்தான். சித்திரையில் ஆரம்பித்த கதை ஒன்றை ஆவணியில் கிழித்துப் போட்டேன். கிழித்ததும் மனசு லேசாகிவிட்டது என்றால், அது நல்ல கதையாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் ரஹாங்கில் என் வீடு இப்போது நிரம்பி வழிகிறது. பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் சி ரூசா கடற்கரைக்குப் போய்விட்டு, அங்கிருந்த மணலில் பாதியை வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். கூடம் முழுக்கப் பாய். பெடாஸிலிருந்து அக்காவும் பஸ் ஏறி வந்திருக்கிறாள். இங்கே வந்தால் அவளுக்கு ஒரு வேலை உண்டு. காலையில் நாளிதழைப் பிரித்து, வீட்டில் எல்லாருக்கும் படிக்கத் தெரியும் என்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல், மரண அறிவிப்பு வரைக்கும் சத்தமாகப் படிப்பாள். “பெரியம்மா ரேடியோ போட்டாச்சு லா” என்று என் மகன் கிண்டல் செய்வான். நான் செய்ய மாட்டேன். அவள் படிக்க ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். எழுதுகிறவள் என்று நான் இன்றைக்குச் சொல்லிக்கொண்டு திரிவதற்கு, ஜப்பான்காரன் காலத்தில் வந்த ஒரு வருடக் கடைசிதான் காரணம். அன்றைக்கும் படித்தவள் அவள்தான்.

அப்போது பெடாஸுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஓடிவிட்டார். அதுவரை பால் வெட்டிக்கொண்டிருந்த அப்பா, ஜப்பான்காரன் சொன்னபடி அதே மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி. அரிசியைக் கண்ணால் பார்த்தாலே பண்டிகை. கடிகாரத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் எங்களுக்கும் மணி. அதனால் கும்மிருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய், வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். ஆனால் வேலை முடிந்து வந்த பிறகு பகல் நிறைய மிச்சம் இருக்கும். விளக்குக்கு எண்ணெய் இல்லாத வீட்டில் அந்த வெளிச்சம் பெரிய கொடுப்பினை. ஜப்பான்காரனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய விஷயம் அது ஒன்றுதான். அந்த வெளிச்சத்தில்தான் அக்கா எங்களுக்குக் கதை படித்தாள்.

எங்களிடம் இருந்தது ஒரே புத்தகம். அதையும் முறைப்படி புத்தகம் என்று சொல்ல முடியாது. சண்டைக்கு முன்னால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணியின் வீட்டம்மாவுக்கு ஊரிலிருந்து கப்பலில் வாரப் பத்திரிகை வரும். அதில் வந்த ஒரு தொடர்கதையை மட்டும் வாராவாரம் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். அவருடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்கா போவாள். சண்டை வந்து அந்தக் குடும்பம் சிரம்பானுக்குக் கிளம்பியபோது, அதை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். நான் அப்போது மூன்றாவதில் இருந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து வாசனை கிடையாது.

கதையில் ஒரு வைத்தியரின் மகள், காணாமல் போன அண்ணனைத் தேடி ஊர் ஊராக அலைகிறாள். வழியில் திருடர்கள், சத்திரங்கள், தேவைக்கு அதிகமான மழை. கடைசிப் பக்கத்தில் அவள் ஆற்றங்கரையில் நிற்கிறாள். அக்கரையிலிருந்து ஒரு பரிசல் வருகிறது. அதில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. அதற்குள் கப்பல் நின்றுவிட்டது. பரிசலில் வருவது யார் என்று எங்கள் வீட்டில் தகராறே நடக்கும். அண்ணன்தான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. திருடனாகக்கூட இருக்கலாம் என்பார் அப்பா. முழுக்கதையையும் இரண்டு தடவை படித்து முடித்திருந்தோம். இரண்டு தடவையும் பரிசல் கரைக்கு வந்து சேரவில்லை.

அந்தக் காலத்தில் தாளுக்கு இருந்த மவுசைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். புகையிலையைச் சுருட்டிக் குடிக்க ஒரு துண்டுத் தாள் கிடைக்காதா என்று ஆண்கள் தேடி அலைந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, நாலு பக்கம் மட்டும் கொடுங்கள் என்று அப்பாவைக் கேட்பார்கள். அப்பாவும் புகையிலைக்கு அடிமைதான். ஆனாலும் அவர் ஒரு பக்கத்தைக்கூடத் தொட்டதில்லை. காய்ந்த வாழையிலையில் சுருட்டிப் பிடித்துவிட்டு இருமிக்கொண்டே கதை கேட்பார். படிக்கத் தெரியாத அந்த மனிதரைப் போல ஒரு வாசகர் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பதினாறு வயது. பெரிய ரோட்டில் பட்டாளத்து லோரி போகிற சத்தம் கேட்டாலே அம்மா அவளை இழுத்துக்கொண்டு போய் மரவள்ளிக் காட்டுக்குள் உட்கார வைத்துவிடுவார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண்ணைச் சிப்பாய்கள் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் திரும்பி வந்தாள். வந்த பிறகு யாரோடும் பேசவில்லை. அந்தச் செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து அப்பா சரியாகத் தூங்கவில்லை.

கல்யாணமாகி, இடுப்பில் பிள்ளையோடு இருக்கிற பெண்ணை விட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் நம்பினார்கள். தோட்டம் தோட்டமாக அவசரக் கல்யாணங்கள் நடந்தன. அக்காவுக்கும் ஒருவர் வந்தார். அடுத்த தோட்டத்தில் ஆள்களை மேய்க்கிற மண்டோர், மனைவியை மலேரியாவுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். அம்மாவைவிட அவருக்கு வயது கொஞ்சம் கூடுதல். அதைத் தவிர அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆபீசில் பழக்கம் இருந்ததால் அவர் வீட்டில் அரிசி இருந்தது. தாலி ஏறிய அன்றே இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு பிள்ளையும் தயார். இதைவிட நல்ல இடம் அமையாது என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

அக்காவை யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை, கேட்கிற வழக்கம் இல்லை. அவள் மனதில் வேறு யாரும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதை படித்துப் பழகியவர்களுக்குப் புத்தி உடனே அங்கேதான் போகும். அந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட அவளுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். ஆற்றில் துணி துவைக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். அப்பாவிடம் சொல்லேன் என்றேன்.

“எப்புடிச் சொல்றது? எனக்காகத்தான அவரு தூங்காமக் கெடக்குறாரு” என்றாள்.

ஜப்பான்காரர்களின் புத்தாண்டுக்குத் தோட்டத்தில் விடுமுறை விட்டார்கள். காலையில் எல்லாரும் திடலில் நின்று, கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த ஜப்பான் பாட்டை நாங்கள் பாட வேண்டும். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் தொண்டை கிழியப் பாடினோம். குடும்பத்துக்குக் கொஞ்சம் அரிசி கொடுத்தார்கள். அம்மா அதில் மரவள்ளியைத் துருவிப் போட்டுக் கஞ்சி காய்ச்சினார். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து குடித்தோம். அப்பா பகலில் வீட்டில் இருப்பதே அபூர்வம் என்பதால் எனக்கு ஒரே கொண்டாட்டம். மறுநாள் மண்டோர் வெற்றிலை பாக்கோடு வந்து, தை மாதத்தில் நாள் குறித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அதைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக லயத்தின் முன்பக்கத்து அஞ்சடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்துதான் படிப்போம். அங்கே சாரல் அடித்ததால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தோம். அப்பா கதை படிக்கச் சொன்னார். முதலிலிருந்தா என்று அக்கா கேட்டாள். வேண்டாம், ஆற்றங்கரையில் வந்து நிற்கிற இடம் போதும் என்றார்.

அக்கா வெளிச்சத்துக்காக வாசல் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் தோளில் சாய்ந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றங்கரை வந்தது. பரிசல் வந்தது. ‘தொடரும்’ வந்தது. அக்கா அதைப் படிக்கவில்லை. தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் கதை கிடையாது. அங்கே இருந்தது பல்பொடி விளம்பரம். மீசை வைத்த ஒருவர் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நிற்பார். அவருடைய பல்லைப் பார்த்துக்கொண்டே அக்கா படித்தாள்:

“பரிசல் கரையைத் தொட்டது. அதில் அமர்ந்திருந்தவர் அவளுடைய அண்ணன் அல்லர். அவளைப் பெற்ற தந்தை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாததைப் படிக்கிறாளே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளுடைய முழங்கால் என் தொடையை அழுத்தியது. மூடிக்கொண்டேன்.

அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ‘ஆயினும்’, ‘அக்கணமே’ எல்லாம் இடம் பார்த்து வந்து விழ, அசல் பத்திரிகைத் தமிழில் மேலே மேலே போனாள். வைத்தியர் மகளைத் தேடித்தான் வந்திருக்கிறார். நாட்டில் திருடர் பயம் அதிகமாகிவிட்டது, ஆகவே அவளை ஒரு நல்ல மனிதருக்குப் பேசி முடித்துவிட்டேன் என்கிறார். மகள் மழையில் நனைந்தபடி கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

“இது போன தடவ வரலியே” என்றார் அம்மா. அப்பா, பேசாமல் கேள் என்று கையைக் காட்டினார். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

அக்கா மேலே படித்தாள். “அவள் சொன்னாள்: அப்பா, நீங்கள் பார்த்த இடத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பயத்துக்காக என்னைக் கொடுத்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நாள் நான் உங்கள் மகளாக இருந்துவிட்டுப் போகிறேன்.”

அதோடு நிறுத்திவிட்டாள்.

எழுத்தைப் பற்றி எவ்வளவோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். மேடை ஏறி நானும் வெட்கமில்லாமல் பேசியிருக்கிறேன். தன் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல, இன்னொருத்தியை ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அதற்கு மேல் எனக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அதைக்கூட நான் அன்றைக்கு அந்தப் பல்பொடிக்காரருக்கு முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான்.

அப்பா கண்களைத் திறக்காமலே கேட்டார். “அந்த அப்பன் என்ன பதில் சொன்னான்?”

“அது இதுல இல்லப்பா” என்றாள் அக்கா.

அப்பா எழுந்து போய் அஞ்சடியில் சாரலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கே புரிந்தது. என்ன செய்வார் என்பதுதான் புரியவில்லை. அடிப்பாரோ என்று பயந்தேன். அக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

மறுநாள் காலையில் மண்டோர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவர் லயத்துக்கு வருவதற்குள் அப்பா எழுந்து எதிரே போய்விட்டார். குழாயடியில் நின்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அப்பா கைகூப்புவது தெரிந்தது. மண்டோர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, வெற்றிலைத் தட்டைத் துண்டால் மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பினார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அப்பா உள்ளே வந்ததும், அக்காவின் தலைமுடியை வெட்டிவிடும்படி அம்மாவிடம் சொன்னார். தன்னுடைய பழைய கால்சட்டையையும் சட்டையையும் அவளுக்குக் கொடுத்தார். ஆம்பிளைப் பையனைப் போலக் காட்டு வேலைக்குத் தன் கூடவே அழைத்துப் போகப் போவதாகச் சொன்னார். சில தோட்டங்களில் அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள். அம்மா ஆடிப்போய்விட்டார். எண்ணெய் கண்ணில் படாத அந்தக் காலத்திலும் எங்கிருந்தாவது ஒரு தேங்காயைக் கொண்டுவந்து, பாலைக் காய்ச்சி அந்த முடிக்குத் தடவியவர் அவர். கைக்கு வந்த நல்ல இடத்தைத் தள்ளிவிட்டு இதென்ன கூத்து, வயசுக்கு வந்த பெண்ணை இப்படி நிறுத்தினால் நாளைக்கு யார் கட்டுவான் என்று சத்தம் போட்டார்.

“முடி வளரும்” என்றார் அப்பா.

அம்மா அழுதுகொண்டே வெட்டினார். கத்தரிக்கோல் மழுங்கியிருந்ததால் நேரம் பிடித்தது. அக்கா அழவில்லை. கழுத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் தாங்க முடியவில்லை. அது நாள்வரை நான் பிடித்துக்கொண்டு தூங்கிய சடை அது. அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முடிந்துவிட்டது என்று அம்மா சொன்ன பிறகுதான் திரும்பினார். கால்சட்டையும் ஒட்ட வெட்டிய தலையுமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பக்கத்தில் வந்து குந்தி, அவள் தலையில் கையை வைத்தார்.

“நேத்து படிச்சதுல ஒண்ணு விட்டுப்போச்சும்மா” என்றார். “அந்த அப்பனுக்கு இன்னும் பயம் போகலன்னு சேத்துக்க.”