நல்லெண்ணெய் மாதா

தாராவியில் எங்கள் சந்தில் பிளவுஸ் தைக்கிற அன்னத்தாய்க்கு வீம்பு அதிகம். மகள் ஜெபாவைக் கட்டிக்கொடுத்த இடமோ வாஷியில் படித்த குடும்பம். அங்கே போனால் இவளை உட்காரவைத்து டீ கொடுப்பார்கள், பேச்சு மட்டும் கொடுக்க மாட்டார்கள். மருமகன் வாங்கிய புது ஃபிளாட்டின் மந்திரிப்புக்கு, அதாவது கோயில் சாமியார் வந்து ஜெபித்து ஆசீர்வதிக்கும் நாளுக்கு, தன் கையால் வரைந்த மாதா படத்தைக் கொடுத்து அவர்கள் வாயைப் பிளக்க வைப்பது என்று கிளம்பிவிட்டாள்.

செம்பூரில் வந்தனா என்ற மராட்டிப் பெண் நடத்தும் ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். பழைய இத்தாலி மாதா படம் ஒன்றின் அச்சைக் கொடுத்து, அப்படியே பார்த்து வரையச் சொன்னாள் வந்தனா. முகம் பாடாய்ப் படுத்தியது. இத்தாலி மூக்கை வரைந்தால் திருநெல்வேலி மூக்கு வந்தது. நீல அங்கியின் மடிப்பு மட்டும் லேசாக விழுந்தது. துணி விழுகிற விதம் இவளுக்குத் தெரியாதா?

வகுப்பில் தந்த எண்ணெய் தீர்ந்ததும், சாயத்தில் எதைக் கலப்பது என்று போனில் கேட்டாள். வந்தனா இந்தியில் "அல்சி தேல்" என்றாள், அதாவது ஆளி விதை எண்ணெய். அன்னத்தாய் காதில் "அஸ்லி தேல்" என்று விழுந்தது. அசல் எண்ணெய் என்றால் நமக்கு நல்லெண்ணெய்தானே! கிங்ஸ் சர்க்கிள் வரை போய், செக்கில் ஆட்டியதாகப் பார்த்து வாங்கி வந்து தாராளமாகக் கலந்தாள். நல்லெண்ணெய் கலந்த சாயம் லேசில் காயாது. அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விரல் பட்டால் மாதா கெட்டுவிடுவாள் என்று தொட்டுப் பார்க்காமலே வாஷிக்குக் கொண்டுபோனாள். துணைக்கு நான்.

சாமியார் வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார். யாராவது பாராட்டட்டும், பிறகு தான் வரைந்தது என்று சொல்லலாம் என்று ஜெபாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள் அன்னத்தாய். சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துச் சம்பந்தி லூர்தம்மா, "என்ன களை!" என்று உருகிப்போய், அங்கியைத் தொட்டு விரலை உதட்டில் ஒற்றி முத்தி செய்தாள். பின்னாலேயே ஜெபாவின் நாத்தனார், கொழுந்தன், வந்திருந்த சொந்தம் எல்லாம் தொட்டு முத்தி செய்தார்கள். திரும்பினால் அத்தனை பேர் உதட்டிலும் நீலம். ஹால் முழுக்கத் தாளிக்கிற வாசம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்னத்தாய் முகத்தைப் பார்த்ததும் அடங்கினேன்.

"இத எங்க வாங்கினிய சம்பந்தியம்மா?" என்றாள் லூர்தம்மா, வாயைத் துடைத்தபடி.

"கடையிலதான்," என்றாள் அன்னத்தாய். "ஏமாத்திட்டான்."

மருமகன் ராஜகுமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்தக் கடை அத்தே? சாமி படத்துலயே டூப்ளிகேட்டா? வாங்க, இப்பவே போய் அவன ஒரு வழி பண்ணிட்டு வருவோம்."

மாட்டுங்காவில் என்றாள், பேர் மறந்துவிட்டது என்றாள், போனால் போகட்டும் என்றாள். அவன் கார் சாவியை எடுத்துவிட்டான்.

ஜெபா அம்மாவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் அதே நீலம்.

"சாவிய வைங்க," என்றாள். "எங்கம்மா வரைஞ்ச படம் இது."

லூர்தம்மாதான், "அதச் சொல்றதுக்கு என்ன? உக்காருங்க, சாப்பிடுங்க," என்று இலை போட்டாள். அன்னத்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

திரும்பும் ரயிலில், காயும் எண்ணெய் கலந்து இன்னொன்று வரைந்து கொடுக்கலாமே என்று நான் தேற்றினேன். அவள் அழுதது படம் கெட்டதுக்கு இல்லை.

"அத்தன பேரு முன்னால எம்மவ சொல்லிட்டா யக்கா," என்றாள். "நாந்தான் சொல்லல."