பாட்டுக்குழுவின் பெட்டியில் ஒரு துப்பாக்கி

சனிக்கிழமை, விடிவதற்கு முன். கொழும்புப் புறக்கோட்டையில் ஹட்டன் பஸ்ஸில் ஏறும்போது எங்கள் கையில் ஒரு துப்பாக்கி இருந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டிச் செய்த துப்பாக்கி. நடத்துனர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். கொழும்பில் எங்கள் சுடும் கழகத்தில் காற்றுத் துப்பாக்கி சுடுகிறவள் துஷாந்தி. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வயது இருபத்திரண்டு, பகலில் துணிக்கடையில் வேலை. செவ்வாய்க்கிழமை டில்லிக்குப் போட்டிக்குப் போகிறாள். அணி மேலாளர் என்ற பெயரில் நானும் போகிறேன். வெள்ளி மாலை விமான நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். துணிப்பை ஆகாது, நாலு பக்கமும் கெட்டியான, பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும், இல்லையென்றால் துப்பாக்கியை ஏற்ற மாட்டார்களாம். அந்தத் துப்பாக்கியின் கட்டை அவளுடைய தோளுக்கும் கன்னத்துக்கும் அளவெடுத்துச் சரிசெய்தது. இரவல் துப்பாக்கியில் சுடுவதானால் போகாமலே இருந்துவிடலாம் என்று அவளே சொன்னாள்.

கொழும்பில் நான்கு கடை ஏறி இறங்கினேன். பை இருந்தது, பெட்டி இல்லை. "நுவரெலியாவுல கோல்ஃப் ஆட வர்றவங்க பெரிய பெரிய பொட்டியோட வருவாங்கக்கா. எப்படியும் நான் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வரணும். நீங்களும் வாங்க," என்றாள் துஷாந்தி. எனக்குக் குளிர் ஆகாது, இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி என்றால் பயம். இருந்தாலும் கிளம்பினேன். உண்மையான துப்பாக்கி கழகத்தின் பூட்டிய அறையில் இருக்கிறது, ஊர்சுற்ற அதை எடுத்துவர முடியாது. அதனால்தான் அளவு பார்க்க இந்த அட்டைத் துப்பாக்கி.

காலை பத்து மணி, ஹட்டன். கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வெயார் முதலாளி அட்டையை வாங்கிப் பார்த்து, யோசித்து, எட்டங்குல பைப் ஒன்றைக் காட்டினார்.

"இதுக்குள்ள விட்டு ரெண்டு பக்கமும் மூடி போட்டு ஒட்டிருவோங்க. யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"டில்லியில எப்படித் திறக்கிறது?"

"அறுக்கணுங்க," என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

நண்பகல், நுவரெலியா. மழை. கோல்ஃப் சாமான் விற்கும் கடையில் நீளம் சரியாகப் பொருந்தியது, ஆனால் தலைப்பக்கம் மட்டும்தான் கெட்டி, கீழே வெறும் துணி. அடுத்த கடைக்காரர் அளவெடுத்துத் தகரப் பெட்டி அடித்துத் தருவதாகச் சொன்னார், வியாழக்கிழமை. வியாழக்கிழமை நாங்கள் டில்லியில் இருக்க வேண்டும். அட்டை நனையாமல் இருக்க துஷாந்தி அதைத் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, கோபமாக மாற்றிக்கொண்டேன்.

மாலை, தலவாக்கலை பஸ். முன் சீட்டிலிருந்த சுவெட்டர்க்காரர் திரும்பினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இவளுக்குப் படிப்பித்த அந்தோனி சேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாட்டுக்குழுவுக்குக் கீபோர்ட் வாசிப்பவர். கதையைக் கேட்டவர் அட்டையை வாங்கி மடியில் கிடத்தி, வாசிக்கிறவர் மாதிரி இரண்டு கைகளையும் அதன்மேல் விரித்தார்.

"கடைசிக் கட்டை வரைக்கும் வருது. நம்ம கீபோர்ட் பொட்டிக்குள்ள இது தாராளமா போயிரும்."

"உங்களுக்கு அது வேண்டாமா சேர்?" என்று கேட்டேன். நாங்கள் திரும்பிவரப் பத்து நாள் ஆகும்.

"அதுபாட்டுக்குக் கட்டிலுக்கடியில சும்மா கிடக்குதுங்க."

நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இருட்டுவதற்குள் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு துஷாந்தியின் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார். கறுப்புப் பெட்டி, ஓரமெல்லாம் இரும்புப் பட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு சிலுவை. அட்டையை உள்ளே வைத்தோம். இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் மிஞ்சியது. துஷாந்தியின் அப்பா முத்தையா, தேயிலை கவ்வாத்து வெட்டும் கத்தியாலேயே பெட்டிக்குள் இருந்த ஸ்பொஞ்சைத் துப்பாக்கி வடிவத்துக்குக் குடைந்தார். பூட்டுக்கு மட்டும் இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. கோயில் சாமானில் ஓட்டை போடுவதா என்று அவர் கை தயங்கியது.

"போடுங்க முத்தையா. இனி நாங்களும் பூட்டிக்கலாமில்ல," என்றார் சேர்.

இந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு நான் இரண்டு தட்டு ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை. மழை விடவில்லை. பஸ்ஸுக்குப் போகும் வழியில் மாதா கோயிலில் ஏறி சேரிடம் சொல்லிவிட்டுப் போவோம் என்றாள் துஷாந்தி. நாங்கள் இருவரும் சைவ சமயக்காரர்கள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பெட்டி எங்கள் காலடியில். பாட்டு தொடங்கியது. அந்தோனி சேர் வாயாலேயே சுருதி கொடுத்தார். பெண்கள் ஒரு பக்கம் ஏறிப் போக, ஆண்கள் இன்னொரு பக்கம் இறங்கிவிட்டார்கள். நிறுத்தி, மறுபடி எடுத்தார்கள்.

பக்கத்திலிருந்த ஒரு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "கீபோர்ட் இல்லையா?"

"சேர் வீட்டுலதாங்க வச்சிருக்காரு. கோயில்ல வச்சா ஈரம் பிடிச்சிருது. அங்கயிருந்து ஒரு மணி நேரம் நடக்கணும். பொட்டி இல்லாம இந்த மழையில எப்படிங்க கொண்டு வர்றது?"

அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. என் காலடியிலிருந்த பெட்டியை அவர் பார்க்கவும் இல்லை. நான் பார்த்தேன். துஷாந்தியும் கேட்டுவிட்டாள், தலை குனிந்திருந்தாள்.

பூசை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேரிடம் போனேன். வேறு வழி பார்க்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன வழி என்று எனக்கே தெரியாது. அவர் என்னைப் பேசவிடவில்லை.

"மிஸ், எங்களுக்குத் தொண்டை இருக்குதுங்க. புள்ளைக்கு இந்தப் பொட்டி ஒண்ணுதானே இருக்கு." பிறகு அவளிடம், "ஜெயிச்சாலும் சரி, இல்லாட்டியும் சரி. பொட்டிய மட்டும் எங்கயும் மறந்துட்டு வந்துராத," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு மழை சாக்காக உதவியது.

கொழும்பில் எங்கள் மாடிக் குடியிருப்பில் ஏணி இரவல் கேட்டால் எப்போது திருப்பித் தருவீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அப்படிக் கேட்பவர்களில் நானும் ஒருத்தி. அந்தோனி சேர் கடைசிவரை அதைக் கேட்கவேயில்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய், கட்டுநாயக்க விமான நிலையம். அதிகாரி அனுமதிக் கடிதத்தைப் படித்தார். துப்பாக்கியின் காற்று உருளை காலியா என்று பார்த்தார். மூடியை விரல் முட்டியால் தட்டினார், இரண்டு பூட்டையும் இழுத்தார். சிலுவையைப் பார்த்து, இது யாருடைய பெட்டி என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் ஊர்ப் பாட்டுக்குழுவினுடையது என்று துஷாந்தி சிங்களத்தில் சொன்னாள். அவர் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஹரி," அதாவது சரி, என்று சீட்டை ஒட்டினார். பெட்டி நகரும் பட்டியில் ஏறி உள்ளே போனது.

விமானத்துக்குக் காத்திருந்தபோது கைபேசியில் வானிலை பார்த்தேன். டில்லியில் வெயிலா குளிரா என்று பார்க்கத் தோன்றவில்லை. தலவாக்கலையைத்தான் தேடினேன். வரும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கே மழை என்று போட்டிருந்தது.