கசக்காத வெள்ளரிப்பிஞ்சு

அந்த வெள்ளரிப்பிஞ்சு கசக்கவில்லை. கசக்கிறது என்று நான் சொன்னது பொய்.

ஒருமுறை அல்ல, இருமுறை சொன்னேன். முதல் முறை கோபத்தில் வந்த வார்த்தை என்று நீங்கள் விட்டுவிடலாம். இரண்டாம் முறை...? அது யோசித்துச் சொன்னது.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தேன். காய்கறி வாங்க வாராவாரம் முதல் பஸ்ஸில் திருச்சுழிச் சந்தைக்குப் போவேன். கமிஷன் கடைக் காயை என் அடுப்பில் ஏற்றுவதில்லை என்ற வீறாப்பு எனக்கு. பறித்தவர் கையாலேயே வாங்க வேண்டும். நான் கடித்துப் பார்த்துத் தலையாட்டிய கூடையைச் சுற்றித்தான் கூட்டம் சேரும். என் நாக்குக்கு அவ்வளவு மரியாதை! அந்த மரியாதை என் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பங்குனி வந்தால் எங்கள் கரிசலில் பச்சை என்று கண்ணில் படுவது கருவேல மரந்தான். அந்த நேரத்தில் வெள்ளரி கொண்டுவருபவள் பேச்சி ஒருத்திதான். இடிந்த கிணற்றில் ஊறும் கொஞ்சத் தண்ணீரை அவளும் அவள் கணவரும் குடத்தில் மொண்டு, கொடி கொடியாக ஊற்றி வளர்த்த பிஞ்சு.

"இது வித்தாத்தான் அண்ணாச்சி ஊர்ல இருப்போம். இல்லாட்டி ரோட்டு வேலைக்குத்தான் போகணும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். தெரிந்துதான் செய்தேன்.

அன்று நான் சற்றுப் பெரிய காய்களாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சி சிரித்தாள். "அது முத்தலு அண்ணாச்சி. பிஞ்சு எது, முத்தலு எதுன்னு ஒங்களுக்கு இன்னும் பிடிபடலையா?"

கேலிதான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது... நம்புவீர்களா?

ஒரு பிஞ்சை எடுத்துக் கடித்தேன். நல்ல பிஞ்சு, தித்தித்தது. கீழே துப்பினேன். "கசக்குது" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது காயைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. தண்ணீர் காணாத கொடிதான் கசக்கும். வெள்ளரி கசக்கிறது என்றால், வளர்த்தவர் கொடியை வாடவிட்டுவிட்டு விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு பிஞ்சு கசந்தால் போதும், அந்தக் கூடைப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். வாங்கி மடியில் கட்டியிருந்தவர்கள்கூட அவிழ்த்துத் திரும்பப் போட்டார்கள்.

பேச்சியின் முகம் கறுத்துவிட்டது. தானே ஒன்றைத் தின்று பார்த்தாள். பிறகு இன்னொரு பிஞ்சை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல அண்ணாச்சி. இன்னொரு தடவ தின்னு பாத்துச் சொல்லுங்க."

என்னை நம்பித்தான் நீட்டினாள். மென்றேன். அதுவும் தித்தித்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மாற்றிச் சொன்னால் என் பெயர் என்ன ஆவது?

"இதுவும் கசக்குது, பேச்சி."

அடுத்த இரண்டு சந்தைக்கும் கூடையோடு வந்தாள். ஒருவரும் குனியவில்லை. மூன்றாம் சந்தைக்கு அவள் வரவில்லை. கொடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டு இருவரும் ரோட்டு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும், அந்த வாரமும் சந்தையில் வேறொரு கூடைக் காயைக் கடித்துத் தலையாட்டினேன்!

ஏழு பங்குனி போனபின் ஒரு முடிவுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் அவள் மன்னித்துத் தொலைப்பாள். உண்மையை மட்டும் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். விசாரித்துக்கொண்டே போனேன். பாலவனத்தம் பக்கம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். அந்தத் தித்திப்பைக்கூட மறைக்கவில்லை.

சுத்தியலைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்...

"அந்த வாரம் நான் எங்க ஆத்தா ஊருக்குப் போயிருந்தேன் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவுகதான் தண்ணி ஊத்துனாக. சந்தைக்கு மட்டுந்தான் நான் வந்தேன். நீங்க கசக்குதுன்னதும், இவுக ஊத்தாமப் படுத்துட்டாகன்னு நெனச்சுட்டேன். ஊத்துனேன், ஊத்துனேன்னு தலையில அடிச்சுச் சொன்னாக. நான் நம்பல. ஒங்க நாக்கத்தான் நம்புனேன்."

"ஊத்துனாரு, பேச்சி" என்றேன். "ஒரு கொடி விடாம ஊத்தியிருக்காரு."

"இந்தத் தையிலதான் போய்ச் சேந்தாக" என்றாள். "அதுவரைக்கும் அவுக மூஞ்சியப் பாத்து நான் சரியாப் பேசல."

சுத்தியலை எடுத்து மறுபடி கல்லை உடைக்கத் தொடங்கினாள். நான் அவளைத் தேடிப் போனது பங்குனியில். இரண்டு மாதம் முன்னால் போயிருந்தால் அந்த மனிதரின் காதில் விழுந்திருக்கும்.

எனக்காக நீங்கள் இரங்க வேண்டாம். அதற்காக இதை எழுதவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன்... அவர் பெயர் கருப்பையா. அவர் தண்ணீர் ஊற்றினார்.