வாசலில் நின்ற முறுக்கு ஹேசல்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பிப்ரவரித் தூறலில் கிளை வெட்டியது. அவர் ஏணியில், நான் கீழே. பட்டையில் கறுப்புப் புடைப்புகள் வரிசையாகத் தெரிந்தால் மூன்றடி தள்ளி அறுக்க வேண்டும். அறுத்ததை எரித்துவிட வேண்டும்.

"இந்த வருஷம் எத்தனை மரத்துல சீக்கு, டாக்டரம்மா?" என்றார் அப்பா. நான் தாவர நோய் ஆய்வகத்தில் வேலை செய்வதால் அந்தப் பட்டம்.

"நாப்பத்தொண்ணு. போன வருஷம் இருபத்தாறு."

"எல்லாம் பக்கத்துத் தோட்டத்து ரூபன் பண்ணின வேலை."

"அவர் மரத்தை வெட்டி மூணு வருஷமாச்சுப்பா."

"வேர்ல இருந்து துளுத்திருக்கும். அவன் எதை ஒழுங்கா செஞ்சான்?"

அப்பா பெயர் வெர்லின் ஷ்ராக். எழுபத்து மூன்று வயது. அமெரிக்காவின் ஒரிகனில், மொலாலா ஆற்றை ஒட்டி எட்டு ஏக்கர் ஹேசல்நட் கொட்டைத் தோட்டம். அவர் வாயில் அது பில்பர்ட்தான். "மரத்துல இருக்கிற வரைக்கும் பில்பர்ட். கடைக்குப் போய் சட்டை மாட்டிக்கிட்டா ஹேசல்நட்." கொட்டை தானாகத் தரையில் விழுந்த பிறகுதான் வாருவோம் என்பதால், ஆகஸ்டில் மரத்தடியை மேசைபோலச் சமன் செய்வார். அதன்மேல் நாய் நடந்தாலும் திட்டுவார்.

நோய் வடக்கிலிருந்து வந்தது. மற்றவர்கள் பழைய மரங்களைப் பிடுங்கினார்கள். அப்பா பிடிவாதமாக இருந்தார். கடைசியில் ரகங்களை நான் தேர்ந்தெடுத்தேன்: நோய் தாங்கும் ரகம் ஒன்று, அதற்கு மகரந்தம் தர அதே தாங்குதிறன் உள்ள வேறு இரண்டு. பின்நிலத்தில் நட்டோம். அவை நன்றாகக் காய்க்க ஆறு வருடம் ஆகும். அதுவரை பழைய தோட்டம் உயிரோடு இருந்தால்தான் பண்ணை எங்களிடம் நிற்கும்.

நோய் எப்போதும் மேற்கு ஓரத்தில்தான் முதலில் தெரிந்தது. மேற்கே எங்கள் வீடு. வீட்டுக்கு அப்பால் ரூபன் காஃப்மனின் வேலி. அங்கே அவர் மனைவி லோயிஸ் நட்ட முப்பது ஹேசல் மரங்கள் நின்றன. மூன்று வருடம் முன்பு அப்பா வேலியோரம் நின்று கத்தினார்.

"யோவ் ரூபன், உன் மரத்துச் சீக்கு என் தோட்டத்துக்கு வருதுய்யா. வெட்டிப் போடு."

"என் மரத்துல ஒண்ணையும் காணோமே, வெர்லின். கண்ணாடியை மாத்து."

"என் பொண்ணு படிச்சவ. அவ சொல்றா."

மேற்கிலிருந்து வருகிறது என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். பக்கத்திலேயே நின்றேன். திருத்தவில்லை. அந்த நவம்பரில் ரூபன் முப்பதையும் வெட்டினார். லோயிஸ் வெளியே வரவில்லை. அதன்பின் தேவாலயத்தில் இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.

பிப்ரவரியில் அன்று வேலை முடிந்து, வாசல் குழாயில் கை கழுவினேன். பக்கத்தில் அம்மாவின் முறுக்கு ஹேசல். கிளையெல்லாம் திருகித் திருகி வளரும் அழகு மரம். குளிர்காலத்தில் மஞ்சள் பூச்சரங்கள் தொங்கும். கல்யாணமான வருடம் அம்மா நட்டது. அம்மா போன பின்பு அதில் யாரும் கத்தி வைத்ததில்லை. தோட்டத்தில் கிளை கிளையாகத் தேடிய நாங்கள் இதைப் பார்த்ததே இல்லை. எங்களுக்கு அது பூமரம், பில்பர்ட் அல்ல.

ஒரு கிளையைத் திருப்பினேன். முறுக்கின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் புடைப்புகள். பல வருடப் பழையவை. மேற்கிலிருந்து வந்த நோய் இங்கிருந்துதான் போயிருக்கிறது.

அப்பா வந்தார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"ரூபன் சொன்னான்ல, ஒண்ணுமில்லன்னு."

அன்றைக்கே அறுத்தார். என்னைப் பிடிக்க விடவில்லை.

சாப்பிடும்போது கேட்டார்: "லோயிஸ் வேலிக்குப் பூமரம் வைக்கணும். சீக்கு வராதது எது?"

"பூ ஆப்பிள் வேணாம், பல ரகத்துல சொறி விழும். கூசா டாக்வுட் தாங்கும். ஜூன்ல பூக்கும்."

"என்ன கலர்?"

"வெள்ளை, ரோஸ் ரெண்டும் இருக்கு."

"அவகிட்டயே கேட்டுக்கறேன். சனிக்கிழமை போறேன்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம். கத்தினது நான்."

வியாழக்கிழமை, ஒன்பதாம் வரிசையில் விழுந்து கிடந்தார். இதயம். மோட்டார் ரம்பம் இன்னும் சூடாக இருந்தது.

சவப்பெட்டி தூக்கியவர்களில் ரூபனும் ஒருவர். கல்லறையில் என் தோளைத் தொட்டு, "தோட்டம் எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"தாங்காது. பிடுங்கப் போறோம்."

"நான் இன்னும் முன்னாடியே வெட்டியிருக்கணும்," என்றார் அவர்.

வாசல் மரத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமைகள் போய்விட்டன. லோயிஸிடம் பூ என்ன நிறத்தில் வேண்டும் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.