தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்

மார்பகத்தை எடுத்த ஆறாம் நாள், புடவை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். போன பிறகு என்ன செய்வது என்று சொல்ல ஒரு தாதி வந்தார். சிங்களத்தில், நின்றபடியே, ஐந்து நிமிடம் சொன்னார். சிங்களத்தில் அச்சிட்ட ஒரு தாளையும் தந்தார். அவருக்காக இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சிங்களம் பேசுவார்; வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு வசனத்துக்கும் "ஹரி மிஸ், ஹரி" (சரி மிஸ், சரி) என்று தலையாட்டினார். எனக்குச் சிங்களம் வராது; நானும் ஆட்டினேன். கொட்டகலையில் பதினெட்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். புரியாமல் தலையாட்டும் பிள்ளை எந்த வரிசையில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அன்று என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வேனில் ஏறியதும் கேட்டேன். "என்னங்க சொன்னாங்க?"

"கைய பாத்துக்கச் சொன்னாங்க."

"எப்படி?"

"பத்திரமா."

அவ்வளவுதான். எனக்கு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் (உடம்பில் கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்திருந்தார்கள். தோளிலிருந்து முழங்கை வரை மரத்துப்போயிருந்தது. பத்திரம் என்றால் அசைக்காமல் இருப்பது என்று நாங்களே முடிவு செய்தோம். கணவர் பழைய வேட்டியைக் கிழித்துக் கழுத்தோடு கையைக் கட்டிவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஹோர்லிக்ஸ் போத்தலோடு ஒரே அறிவுரையைக் கொண்டுவந்தார்கள்: "கைய அசைச்சுராதீங்க டீச்சர்." யாருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள்.

தையல் பிரிக்கப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயத்தை மட்டும் பார்த்தார்கள். கட்டிய கையைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து, அடுத்த சிகிச்சையைப் பற்றிப் பேசக் கிளினிக்குக்கு வரச்சொன்ன நாளில், டொக்டர் கையைத் தூக்கச் சொன்னார். நெஞ்சு உயரத்துக்கு மேல் போகவில்லை. தோள் இறுகிவிட்டது. வலது கை. கரும்பலகையில் எழுதும் கை.

அங்கே தமிழ் பேசும் தாதி ஒருவர் இருந்தார். "ஏன் டீச்சர், பயிற்சி ஒண்ணும் செய்யலீங்களா?"

"அசைக்கக்கூடாதுன்னு நெனச்சோம்."

அவர் என் தாளை வாங்கி வாசித்தார். "பாரம் தூக்கக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. கைய தினமும் அசைக்கணும்னு அடுத்த வரியிலயே இருக்குங்க."

ஐந்து வாரமாக அந்த வரி என் தலையணைக்கடியில் இருந்திருக்கிறது. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். நானும்தானே தலையாட்டினேன்.

"அடுத்த ஆள்" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. "இத முழுசாத் தமிழ்ல சொல்லுங்க மிஸ். நான் எழுதிக்கிறேன். அப்புறந்தான் போவேன்."

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தாதி கொஞ்சம் யோசித்துவிட்டு வரிவரியாகச் சொன்னார். சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றுவது. அந்தக் கையில் ஊசி போடவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ விடாமலிருப்பது. கை வீங்கினாலோ, சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வருவது. முழங்கையை மேசையில் ஊன்றி எழுதினேன். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் தவறு; திருத்தினார்.

அதில் ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தேன். வட்டகொடையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அதே அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்திருந்தது. "எனக்கு வாசிக்க வராதுங்க டீச்சர்" என்றார். உட்காரவைத்து வாசித்தேன். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் எவரும் இதைத்தான் கேட்க வேண்டும்: நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். அவர்களுக்கு நேரமில்லை என்பார்கள். எனக்கு வீணாய்ப்போன ஐந்து வாரமும் நேரம்தான்.

எட்டு மாதமாகிவிட்டது. கை காது வரை போகிறது. பலகையின் கீழ்ப்பாதியில் எழுதுகிறேன். பழைய மாதிரி ஆகிவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். மறுத்துப் பேசிச் சலித்துவிட்டது. முன்பு கேட்காமலே வேலை செய்த உடம்பு இது. இப்போது தினமும் காலையில் கேட்க வேண்டியிருக்கிறது. சில நாள் பத்து நிமிடத்தில் சம்மதிக்கிறது. குளிரும் மழையுமான நாட்களில் அரை மணி நேரமாகிறது. சுவரில் விரல்கள் பாதியில் இருக்க, கீழே ரோட்டில் நான் பள்ளிக்குப் போக வேண்டிய பஸ் போகும் சத்தம் கேட்கிறது.

அடுத்த பஸ்ஸில் போகிறேன்.