முன் சக்கரத்துக்கு ஓர் அளவுகோல்

டாக்சி ஓட்டுகிறவன் பெண்டாட்டி முகத்தைவிட முன் டயரைத்தான் அதிகம் பார்ப்பான். பழைய வண்டியோடு மாரடித்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மழை நாள். சிங்கப்பூர்த் தேக்காவில் என் வண்டி இடப்பக்கம் இழுத்து ஒரு டிரைஷாவை, அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவை, இடித்துவிட்டது. அதை ஓட்டியவர் விழுந்தார், முழங்கை கிழிந்தது. அவர் எழுந்து உட்காரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. பத்து நாளில் சக்கரத்தைச் சரிசெய்து சோதனைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் போய்விடும் என்றார்கள் போலீஸார். அந்த வண்டியை நம்பி வீட்டில் ஐந்து வயிறு. அளக்கும் மெஷின் வைத்திருந்த பட்டறையிலோ மூன்று வாரத்துக்கு இடமில்லை. சரி, நாமே அளப்போம் என்று இறங்கினேன்.

துணி டேப்பு

கணக்கு சின்னதுதான். இரண்டு முன் டயர்களுக்கும் இடையே முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு எடுக்க வேண்டும். முன்பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவாக இருந்தால் நல்லது. எதிர்க்கடைத் தையற்காரப் பாயிடம் டேப்பு வாங்கி மூன்று தடவை அளந்தேன். மூன்று விடை வந்தது. பாயையே அளக்கச் சொன்னேன். நான்காவது விடை வந்தது. அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பத்து வருஷமா இழுத்து இழுத்து இதுவே பெருத்துப் போச்சு தம்பி. இடுப்புக்குத் தாங்கும், சக்கரத்துக்குத் தாங்காது."

தூக்குக்குண்டு

சக்கரமே சாய்ந்திருக்குமோ என்று அடுத்த சந்தேகம். பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, பின்சந்தில் வண்டியை நிறுத்தித் தொங்கவிட்டேன். ஒரு விரல் சாய்வு! கடப்பாரையை எடுத்து நெம்பப் போனேன். கொத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்தார். சந்தின் தரை முழுக்கச் சாக்கடைப் பக்கம் சரிந்திருந்ததை அவர் காட்டியபோதுதான் பார்த்தேன். "குண்டு சரியாத்தான் சொல்லுது அண்ணே. நீங்க நிக்கிற இடந்தான் சரியில்ல."

வெள்ளிக்கிழமைப் பொட்டு

அருகிலிருந்த கிடங்கின் சிமெண்டுத் தரையில் வண்டியை விட அனுமதி வாங்கினேன். துணி காயப்போடும் மூங்கிலை இரண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சைக்கிள் டியூப்பால் இறுக்கினேன். நீட்டலாம், குறைக்கலாம், தானாக வளராது. டயரில் ஓர் அடையாளம் வேண்டுமே? வெள்ளிக்கிழமைதோறும் மனைவி இரண்டு டயரிலும் வைக்கும் சந்தனப் பொட்டு இருந்தது. பொட்டுக்குப் பொட்டு முன்பக்கம் அளந்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து, வண்டியை உருட்டி அதே பொட்டைப் பின்பக்கம் கொண்டுவந்து அளந்தேன். நாலு நூல் வித்தியாசம். அதை நம்பி ஸ்டியரிங் கம்பியைத் திருகினேன். தெருவில் எடுத்ததும் டயர் அலறியது.

சோதனைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. வண்டி போனால் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்ததும் அழுகையே வந்தது. மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அழிஞ்ச பொட்டோட வண்டிய எடுக்கக் கூடாதுன்னு, நீங்க சாப்பிடறப்ப நாந்தாங்க புதுசா வச்சேன். அதுல அளவு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சோதனை நாள்

ஆணியால் டயரில் கீறி, மறுபடி அளந்து, மறுபடி திருகினேன். சோதனை அதிகாரி ஒரு மலாய்க்காரர். என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி வலப்பக்கம் போனது. "கையை எடு" என்றார். எடுத்தேன். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. தாளில் கையெழுத்துப் போட்டபடி மலாயில் சொன்னார்: "வண்டி சரியாகிவிட்டது. உன் கைதான் இன்னும் பயந்து வலப்பக்கம் இழுக்கிறது."

சக்கரத்துக்கு மூங்கில் போதும் என்று கண்டுபிடித்த எனக்கு, இந்தக் கையை அளக்க மட்டும் இன்றுவரை ஒரு கோலும் அகப்படவில்லை.